வெள்ளி நினைவு நாணயங்களுக்குத் தரம் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நாணயச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், கண்காட்சிகளிலும் சங்க ஏலங்களிலும் நாணயங்களுக்குத் தரம் குறிக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட பத்து ரூபாய் வெள்ளி நாணயத்தை முன்வைத்து இந்த மடலை எழுதுகிறேன். 34 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் கொண்ட அந்த நாணயத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அது அரிய நாணயம் அன்று. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் நாலைந்து மேசைகளிலாவது அதைப் பார்க்கலாம். நம் உறுப்பினர்களில் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய வெள்ளி நினைவு நாணயமும் அதுவாகத்தான் இருக்கும். அப்படி எளிதில் கிடைப்பதனாலேயே அதன் தரத்தைச் சரியாகக் குறிக்க வேண்டிய பொறுப்பு கூடுகிறது. ஓர் அரிய நாணயம் எந்த நிலையில் கிடைத்தாலும் வாங்குவதற்கு ஆள் உண்டு. பலரிடமும் இருக்கும் நாணயத்துக்கோ அதன் நிலைதான் விலை. தேய்ந்துபோன காந்தி நாணயத்திலும் அச்சிலிருந்து விழுந்தபடியே இருக்கும் காந்தி நாணயத்திலும் உள்ள வெள்ளி ஏறத்தாழ அதே 12 கிராம்தான். அந்த வெள்ளியின் மதிப்புக்கு மேல் வாங்குபவர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், உறையின் மேல் நீங்கள் எழுதித் தரும் இரண்டு மூன்று எழுத்துகளை நம்பிக் கொடுப்பது.

ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுவி மெருகேற்றப்பட்ட வெள்ளி நாணயத்தின் உறையில், புழங்காத நாணயம் என்று பொருள்படும் 'யுஎன்சி' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நம் சங்கங்கள் நிறுத்த வேண்டும்; எந்தத் தரத்தை எழுதினாலும் அதற்கான காரணத்தையும் அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாவட்டக் கண்காட்சியில் நான் நேரில் கண்ட நிகழ்ச்சி. ஒரே காந்தி நாணயத்தை மூன்று மூத்த உறுப்பினர்கள் பார்த்து மூன்று வெவ்வேறு தரங்களைச் சொன்னார்கள். ஒருவர் யுஎன்சி என்றார். ஒருவர் எக்ஸ்எஃப், அதாவது சிறிதே புழங்கித் தேய்ந்தது என்றார். மூன்றாமவர் அதற்கும் கீழே வைத்தார். மூவருமே பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். யாருடைய பார்வையிலும் குறையில்லை. அருகில் நின்று கேட்டபோதுதான் விளங்கியது, முதலாமவர் நாணயத்தின் பளபளப்பைப் பார்த்தார், இரண்டாமவர் சிங்கங்கள் உள்ள பக்கத்தில் அச்சு எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கிறது என்று பார்த்தார், மூன்றாமவர் பரப்பில் இருந்த துடைத்த கீறல்களைப் பார்த்தார் என்பது. மூன்று கேள்விகளுக்கு மூன்று பதில்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் வாங்க வந்தவருக்குக் கேள்விகள் எவை என்று தெரியாது. அவர் முதலாமவரின் பதிலை நம்பி வாங்கிக்கொண்டு போனார். நாணயம் புழங்கித் தேய்ந்ததா, அச்சு சரியாக விழுந்ததா, பிற்பாடு யாரேனும் அதன் பரப்பில் கைவைத்தார்களா என்னும் இந்த மூன்றையும் ஒரே எழுத்துக்குள் அடைப்பதுதான் நம் குழப்பங்களுக்கெல்லாம் வேர்.

மூன்றிலும் மிகுதியான சேதத்தை விளைவிப்பது கடைசியாகச் சொன்னதே என்பதால் அதைச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

வெள்ளித் தகடு இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தப்படும்போது உலோகம் ஒரு நொடியில் இளகியதுபோல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. அந்த நகர்வு, தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வரிகளை நாணயத்தின் பரப்பில் விட்டுச் செல்கிறது. தொடர்ந்து அடிக்கப்படும் அச்சிலும் அதே வரிகள் படிந்து, அடுத்தடுத்த நாணயங்களுக்கும் போய்ச் சேர்கின்றன. புத்தம்புது நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ்ச் சாய்த்து மெல்லச் சுழற்றினால் ஒளிக்கற்றைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நாணயத்தின் மேல் சுற்றி வருவது இந்த வரிகளால்தான். நாம் லஸ்டர் என்று சொல்லும் மிளிர்வு இதுவே. இது நாணயத்தின் மேல் பூசப்பட்ட ஒன்றன்று, உலோகத்தின் உருவமே அது. எனவே ஒரு முறை அழிந்தால் உலகின் எந்தக் கைவினைஞராலும் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது. பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம், மிளிர்வை நாணயச்சாலையில் மட்டுமே உண்டாக்க முடியும். தரம் குறிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லையென்றால் மற்ற எதைத் தெரிந்துகொண்டும் பயனில்லை என்றே சொல்வேன்.

நம் வீடுகளில் வெள்ளியைப் பளிச்சென்று வைத்திருப்பது மங்கலம். குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் திருநீறு போட்டுத் துலக்குகிறோம். கொலுசைப் பல்பொடியாலும் பூந்திக்கொட்டை நுரையாலும் தேய்க்கிறோம். பூஜை அறையில் சந்தனமும் குங்குமமும் வைத்து வழிபடும் வெள்ளிக் காசுகளை விழாவுக்கு முன் துணியால் அழுத்தித் துடைப்பதும் உண்டு. பாத்திரத்துக்கும் நகைக்கும் இவையெல்லாம் முறையானவையே. இவற்றைச் செய்யும் கைகளை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே கைப்பழக்கம் நாணயத்தின் மேல் செல்லும்போது, திருநீற்றின் துகளும் பல்பொடியின் சுண்ணமும் மேற்பரப்பின் நுண்வரிகளை அரைத்து, அவற்றின் இடத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களை விட்டுவிடுகின்றன. விளைவாகக் கிடைப்பது கண்ணைப் பறிக்கும் வெண்மை. அந்த வெண்மையைக் கண்டு விற்பனையாளர் யுஎன்சி என்று எழுதுகிறார், நாமும் தலையசைக்கிறோம்.

தேய்க்காமல் கரைசலில் முக்கி எடுப்பது தீங்கற்றது என்ற நம்பிக்கையும் நம்மிடையே பரவலாக உள்ளது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடாக மாறுவதே நாம் காணும் கறுப்பு. அந்தப் படலத்திலும் வெள்ளி இருக்கிறது. அது நாணயத்தின் மேற்பரப்பிலிருந்து போன வெள்ளி. தயோயூரியா கலந்த அமிலக் கரைசல் படலத்தைக் கரைக்கும்போது நுண்வரிகளின் மேல்முகடும் அதனுடன் போகிறது. சில நொடிகள் ஒரே ஒரு முறை முக்கிய நாணயத்தில் அந்த இழப்பு தெரியாமல் போகலாம். ஆனால் ஒரு நாணயம் ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு உரிமையாளரும் விற்பதற்கு முன் ஒரு முறை முக்குகிறார். இறுதியில் வெண்மை மட்டும் எஞ்சி, சுழற்றினாலும் ஒளி அசையாத, சுண்ணாம்பு அடித்தாற்போன்ற நாணயம் நம் மேசைக்கு வருகிறது. அதில் தேய்மானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதனிடம் நாம் தேடி வந்த ஒன்றும் இல்லை என்பதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

எந்த நாணயத்தையும் தொடவே கூடாது என்று நான் வாதிடவில்லை. மென்மையாக்கப்பட்ட பிவிசி உறைகளில் நெடுங்காலம் கிடந்த நாணயங்களில் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பான படிவு உண்டாகும். அதை அப்படியே விட்டால் உலோகத்தை அரிக்கும். தூய அசிட்டோனில் ஊறவைத்து, பஞ்சால் தேய்க்காமல், மீண்டும் புதிய அசிட்டோனில் அலசி உலரவிட்டால் அந்தப் படிவு நீங்கும். அசிட்டோன் வெள்ளியைத் தாக்காது. மண்ணில் கிடைத்த பழங்காசுகளின் கதை முற்றிலும் வேறு. சங்ககாலப் பாண்டியரின் செப்புக் காசில் பெருவழுதி என்னும் பெயரைப் படிக்க முடிந்ததனால் தமிழக வரலாற்றுக்குக் கிடைத்த ஒளி நாம் எல்லோரும் அறிந்தது. களிம்பேறிய இத்தகைய காசுகளைத் தூய்மை செய்தால்தான் எழுத்தும் சின்னமும் வெளிவரும். தமிழ்நாட்டில் நாணயவியல் வளர்ந்ததே பெரும்பாலும் இந்தப் பழங்காசுகளின் வழியாக என்பதால், தூய்மை செய்வது நல்லது என்ற எண்ணம் நம் மூத்தவர்களிடம் இயல்பாகவே ஊறியிருக்கிறது என்று கருதுகிறேன். ஆனால் காந்தி நாணயத்தில் படிக்கப்படாத எழுத்து எதுவுமில்லை. அங்கே கறுப்பை நீக்குவதால் வரலாறு எதுவும் தெரியவரப் போவதில்லை. விலை மட்டுமே ஏறும், அதுவும் வாங்குபவர் அறியாதிருக்கும் வரை.

கறுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சல்பைடுப் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது ஒளி அதில் பட்டு நிறம் காட்டுகிறது: முதலில் இளமஞ்சள், பின் செம்பழுப்பு, பின் ஊதாவும் நீலமும், தடித்துக்கொண்டே போனால் இறுதியில் கறுப்பு. காகித உறையிலோ மரப்பெட்டியிலோ அசையாமல் கிடந்த நாணயத்தில் இந்த நிறங்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒன்றோடொன்று இழைந்து படர்ந்திருக்கும். அத்தகைய நாணயத்தைச் சாய்த்தால் நிறத்துக்கு அடியில் மிளிர்வு அப்படியே சுழன்று வருவதைப் பார்க்கலாம். என் மதிப்பீட்டில் அது நாணயத்தின் அழகு. தரத்தைக் குறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இதை ஏற்காத நண்பர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் ரசனை. ஆனால் அந்த நாணயத்தை அழுக்கு என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் தேய்த்த நாணயத்துக்கு உயர்தரம் தருவதை ரசனை என்ற பெயரில் ஏற்க முடியாது. அண்மைக்காலமாகச் சூடேற்றியும் கந்தகம் காட்டியும் செயற்கையாக நிறமேற்றிய நாணயங்களும் வருகின்றன. அவற்றில் நிறம் திட்டுத்திட்டாக, எழுத்துகளின் இடுக்குகளில் தேங்கி, ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்குப் படிப்படியாக மாறாமல் தாவி நிற்கும்; அடியில் பெரும்பாலும் பழைய துடைப்புக் கீறல்கள் ஒளிந்திருக்கும். ஐயம் வரும்போது ஐயம் என்றே எழுதிவிடுவது நேர்மையானது.

இனி தேய்மானமும் அச்சின் ஆழமும். இவ்விரண்டையும் நாம் அன்றாடம் குழப்பிக்கொள்கிறோம். காந்தி நாணயத்தின் ஒரு பக்கத்தில் நடுவில் உயர்ந்து நிற்பது காந்தியடிகளின் முகம். மறுபக்கத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள். இரு பக்கத்திலும் உயரமான உருவங்கள் நடுவிலேயே எதிரெதிராக அமைந்திருப்பதால், அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் இரண்டு பள்ளங்களையும் நிரப்பப் போதிய உலோகம் கிடைக்காமல், சிங்கத்தின் பிடரியும் மார்பும் தட்டையாக வந்துவிடக்கூடும். அது நாணயச்சாலையிலிருந்து வெளிவந்தபோதே இருந்த குறை. புழக்கத்தால் தேய்ந்த தட்டையோ வேறு. வேறுபடுத்திப் பார்க்க எளிய வழி உண்டு. அச்சு ஆழமாக விழாத இடத்தில் தகட்டின் சொரசொரப்பு அப்படியே தெரியும். மிளிர்வும் அங்கே அறுபடாமல் தொடரும். தேய்ந்த இடத்தில் பரப்பு வழவழப்பாகி, நிறம் சற்று மங்கிய சாம்பலாக மாறி, சுழலும் ஒளி அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். கன்னத்திலும் புருவத்திலும் காதின் மடலிலும் ஒளி அறுந்தால் அந்த நாணயம், அது எவ்வளவு வெண்மையாக இருந்தாலும், யுஎன்சி ஆகாது. பையில் புழங்காமல் அலமாரித் தட்டில் முன்னும் பின்னும் உராய்ந்ததால் வந்த தேய்மானம்தானே என்று சிலர் வாதிடுவார்கள். உலோகம் போன வழி எதுவானாலும் போனது போனதே. அதை ஏயு, அதாவது ஏறத்தாழப் புழங்காதது என்று எழுதி, தட்டில் உராய்ந்தது என்ற ஊகத்தைக் குறிப்பில் சேர்க்கலாம். மாறாக, அச்சு மட்டும் ஆழம் குறைந்து மற்றெல்லாம் முழுமையாக உள்ள நாணயத்தை எக்ஸ்எஃப் என்று கீழே தள்ளுவதும் அநீதியே. அதை யுஎன்சி என்று எழுதி, அச்சு மென்மை என்று பக்கத்தில் குறித்தால் யாருக்கும் குழப்பம் இல்லை.

காந்தி நாணயத்தை நான் எடுத்துக்காட்டாகக் கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் தலையில் முடியில்லை, மார்பில் ஆடை மடிப்புகள் இல்லை, உருவத்தைச் சுற்றி அகன்ற வெற்றுப்பரப்பு. மகுடமும் மணிமாலையும் அணிந்த அரசர் உருவங்களில் சிறு தட்டுத்தடங்கள் அலங்காரங்களுக்கிடையே மறைந்துவிடும்; இந்த நாணயத்தில் ஒன்றும் மறையாது. அச்சிட்ட நாணயங்கள் மூட்டையில் ஒன்றோடொன்று மோதி ஏற்படும் சின்னஞ்சிறு வெட்டுத்தடங்கள் அந்த வழவழப்பான நெற்றியிலும் கன்னத்திலும் உடனே கண்ணில் படும். அவை புழக்கத்தின் அடையாளம் அல்ல. யுஎன்சி நாணயத்திலும் இருக்கலாம். ஆனால் நெற்றியின் நடுவில் ஆழமான ஒரு தடம் உள்ள நாணயமும் தடமே இல்லாத நாணயமும் ஒரே விலைக்குப் போவது முறையன்று. இரண்டும் யுஎன்சி என்றாலும், தடம் எங்கே, எவ்வளவு என்று ஒரு வரி எழுத வேண்டாமா?

புரூஃப் நாணயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரூஃப் ஒரு தயாரிப்பு முறை. அது தரவரிசையில் யுஎன்சிக்கு மேலே இருக்கும் படியன்று. மெருகூட்டிய தகட்டை மெருகூட்டிய அச்சால் தனிக்கவனத்தோடு அடிப்பது அது. பின்னர் தவறாகக் கையாளப்பட்டால் புரூஃப் நாணயமும் கீழ்த்தரத்துக்கு வந்துவிடும். 1969ஆம் ஆண்டின் புரூஃப் நாணயங்களில் பம்பாய் நாணயச்சாலைக்குரிய 'பி' என்னும் ஆங்கில எழுத்து உண்டு. அதே சாலையின் சாதாரண நாணயங்களில் சிறு வைர வடிவக் குறி இருக்கும், கல்கத்தாவின் சாதாரண நாணயங்களில் குறியே இராது. மெருகுச் சக்கரத்தில் தேய்த்துக் கண்ணாடியாக்கிய சாதாரண நாணயத்தைப் புரூஃப் என்று விற்பவர்கள் இருப்பதால், அந்த எழுத்தைப் பார்ப்பதோடு, கண்ணாடித்தன்மை வெற்றுப்பரப்போடு நிற்கிறதா உருவத்தின் மேலும் ஏறியிருக்கிறதா என்பதையும் எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

நாணயச்சாலை உறை பிரிக்கப்படாமல் இருப்பதையே ஒரு தரமாகச் சொல்லும் பழக்கமும் கூடிவருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக வெளியிடப்பட்ட 1000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமாக ஆனது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக 2023இல் வெளிவந்த 75 ரூபாய் நாணயம் அதே எடையில், 44 மில்லிமீட்டர் விட்டத்தில், 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5 பங்கு என்ற கலவையில் ஆனது. இவ்வளவு செம்பு கலந்த நாணயம் உறைக்குள் இருந்தாலும், உள்ளே சிக்கிய ஈரமும் உறையின் பொருளும் சேர்ந்து பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நாணயம் சேர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். உறை பிரிக்கப்படவில்லை என்பது நாணயம் வேறு கைகளில் படவில்லை என்பதற்குச் சான்று; நாணயம் பழுதில்லாமல் இருக்கிறது என்பதற்குச் சான்றன்று. உறைக்குள் தெரியும் புள்ளியையும் குறித்துத்தான் ஏலத்துக்கு வைக்க வேண்டும்.

எண்களைப் பற்றியும் கேட்பீர்கள். வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதில் 60 முதல் 70 வரை புழங்காத நாணயங்களுக்கு உரியவை. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்கத் தரமிடும் நிறுவனங்கள் நாணயத்தை ஆய்ந்து எண்ணிட்டு ஒட்டிய பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன. நம் சங்கங்களும் எண்ணிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 64க்கும் 65க்கும் உள்ள வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல, ஒரே நாணயத்தின் பல மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பழக வேண்டும். அந்த வசதி இல்லாமல் பேனாவால் 65 என்று எழுதுவது அறிவுபோல் தோற்றமளிக்கும் ஊகம். ஆனால் அந்த நிறுவனங்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: தவறான முறையில் தூய்மை செய்யப்பட்டதென்று அவர்கள் கண்ட நாணயத்துக்கு வழக்கமான எண் கொடுப்பதில்லை; தேய்மான நிலையை மட்டும் சொல்லி, தூய்மை செய்யப்பட்டது என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். நம் ஊர் நாணயங்களுக்குக் குறிப்பாகத் தேவையான இன்னொரு குறிப்பையும் சேர்க்கலாம்: பதக்கமாக அணிவதற்காக வளையம் பற்றவைத்து, பின் எடுத்து அரம்போட்டுச் சமன்செய்த தடம். விளிம்பைச் சுற்றிப் பார்க்காமல் இரு முகங்களை மட்டும் பார்த்துத் தரம் எழுதும்போது இந்தத் தடம் தப்பிவிடுகிறது. ஐயமிருந்தால் எடை பாருங்கள். நீரில் அமிழ்த்தி அடர்த்தியும் பாருங்கள். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமான கலவைக்கு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.1 கிராம் வர வேண்டும்.

பார்க்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். கண்காட்சி அரங்குகளில் கூரை முழுவதும் வெள்ளை ஒளிக்குழாய்கள் எரிகின்றன. நாலாபுறமிருந்தும் வரும் அந்த ஒளியில் மயிரிழைக் கீறல் ஒன்றுகூடத் தெரியாது. தேய்த்த நாணயமும் தேய்க்காத நாணயமும் உடன்பிறந்தவைபோல் இருக்கும். தரம் குறிக்கும் மேசையில் ஒற்றைக் குமிழ்விளக்கு ஒன்று இருக்க வேண்டும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்து, முதலில் வெறும் கண்ணாலும், பிறகு ஐந்து முதல் ஏழு மடங்கு பெருக்கும் கண்ணாடியாலும், எல்லாக் கோணங்களிலும் சுழற்றிப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிதாக்கும் கண்ணாடியில் எல்லா நாணயமும் காயம்பட்டதாகவே தெரியும், அதனால் பயனில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றைப் படத்தைப் பார்த்துவிட்டுத் தரம் சொல்வதைச் சங்கத்தின் பெயரால் எவரும் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. படத்தில் ஒளி நின்றுவிட்டது. நாம் பார்க்க வேண்டியதோ ஒளி நகரும்போது என்ன நடக்கிறது என்பதை.

இவ்வளவு கடுமை எதற்கு, இது பொழுதுபோக்குதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்மிடம் வாங்குபவர்களில் பள்ளி மாணவர்கள் இருக்கிறார்கள், முதல் சம்பளத்தில் ஒரு நாணயம் வாங்க வந்தவர்கள் இருக்கிறார்கள், ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் காலமான பின் அவருடைய சேகரிப்பை விற்க வரும் குடும்பத்தாருக்கு நாணயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. உறையின் மேலிருக்கும் எழுத்துகளே அவர்களுக்குக் கிடைத்த உயில். யுஎன்சி என்று நாம் எழுதிக் கொடுத்த உறைகளை அவர்கள் வேறோர் ஊருக்குக் கொண்டுபோய், கழுவின காசு, வெள்ளி விலைக்குத்தான் எடுப்போம் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும்போது, அந்த இழப்பில் நம் கையெழுத்தும் இருக்கிறது. வெள்ளியின் விலை ஏறும் காலங்களில் இன்னொரு தீங்கும் நேர்கிறது. தரத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டால் நல்ல நாணயத்தையும் கெட்ட நாணயத்தையும் வேறுபடுத்தி வைக்க யாருக்கும் காரணமிராது; இரண்டும் சேர்ந்தே உருக்குச் சட்டிக்குப் போகும். இன்று எளிதில் கிடைப்பதாக நாம் எண்ணும் காந்தி நாணயம், மிளிர்வு குன்றாத நிலையில், அடுத்த தலைமுறைக்கு எளிதில் கிடைக்காது.

இந்த மாற்றத்துக்குப் பெரிய நிதியோ புதிய அமைப்போ தேவையில்லை. உறையின் மேல் தரத்துக்குப் பக்கத்தில் மூன்று சொற்களுக்கு இடம் விட்டால் போதும்: தேய்மானம், அச்சு, பரப்பு. தேய்மானம் இல்லை, அச்சு மென்மை, பரப்பு இயல்பு என்று ஒரு நாணயம். தேய்மானம் இல்லை, அச்சு முழுமை, பரப்பு தேய்த்துத் துலக்கியது என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே எழுத்தால் அழைப்பவர் அதன்பின் இருக்க மாட்டார். துலக்கிய நாணயத்தை விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அதற்குரிய விலையில், சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவே. இவ்வாறு எழுதினால் மேசை போடும் வணிகர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் சில நிர்வாகிகளுக்கு இருப்பதை அறிவேன். நேர்மையாக நடக்கும் வணிகர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். தேய்த்த நாணயத்தை அதே எழுத்தில் மலிவாக விற்கும் பக்கத்து மேசையால் இன்று நட்டப்படுகிறவர்கள் அவர்களே. அவர்கள் இந்த ஏற்பாட்டை வரவேற்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு முன் உங்கள் செயற்குழுவில் இதைப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கண்காட்சியில் ஒரு மேசையை விற்பனைக்கன்றிப் பார்வைக்கென்று ஒதுக்கி, ஒற்றை விளக்கின் கீழ், மிளிர்வு குன்றாதது, அச்சு ஆழமில்லாதது, புழங்கித் தேய்ந்தது, கரைசலில் முக்கி வெளிறியது, பல்பொடியால் துலக்கியது, செயற்கையாக நிறமேற்றியது என்று காந்தி பத்து ரூபாய் நாணயங்களை வரிசையாக வைத்தால், எவரும் தாமே சுழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்கான நாணயங்களை என் சேகரிப்பிலிருந்து இரவலாகத் தருகிறேன். மேசையருகே இரண்டு நாளும் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு சேகரிப்பாளர்